வாஷிங் மெஷின் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே: போர் முடிந்த கையோடு இத்தனை எந்திரங்கள் எப்படி வீட்டுக்குள் நுழைந்தன, ஐயா?

எல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் தானியங்கி வாஷிங் மெஷின் 1937-லேயே வந்துவிட்டது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் ஆயுத உற்பத்திக்குத் திரும்பியதால் கையில் காசு இருந்தும் வாங்கப் பொருள் இல்லை. போர் முடிந்ததும் அந்தச் சேமிப்பு கடைகளுக்குப் பாய்ந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடனை எளிதாக்கியது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஏறத்தாழ ஒரே அச்சில் எழுந்தன. வாஷிங் மெஷின் வீட்டின் விலையிலேயே அடக்கம். 1950-ஆம் ஆண்டு மாதிரியில் மாடிப்படியை ஒட்டிய சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியையே பதித்துக் கொடுத்தார்கள். ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு விற்கவில்லை. ‘அமெரிக்கக் குடும்பம்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கே: என்ன இருந்தாலும் பெண்களின் வேலை பாதியாகக் குறைந்திருக்குமே?

இடுப்பொடியும் உழைப்பு குறைந்தது, நேரம் குறையவில்லை. சமூகவியலாளர் ஜோன் வனெக் 1974-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளி வேலைக்குப் போகாத பெண்கள் 1920-களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960-களில் 55 மணி நேரம்!

முன்பு திங்கட்கிழமை என்றால் சலவை நாள். வெந்நீர் போட்டு, தேய்த்து, உருளையில் பிழிந்து, கொடியில் உலர்த்தி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஆனால் அதோடு அந்த வாரத்துச் சலவை முடிந்தது. மெஷின் வந்த பிறகு எந்த நாளும் சலவை நாள் ஆகிவிட்டது. சட்டையை அடிக்கடி மாற்றும் பழக்கம் வந்தது. சலவைக்காரியிடமும் சலவை நிலையத்திலும் போட்ட துணிகளும் வீட்டுக்கே திரும்பின. காரும் தன் பங்கைச் சேர்த்தது: பால்காரரும் மளிகைக்காரரும் வாசலுக்கு வருவது குறையக் குறைய, சூப்பர் மார்க்கெட்டுக்கு அம்மாவே வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. விளம்பரங்களில் மெஷினுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை நான் நம்புவதே இல்லை.

கே: தொலைக்காட்சி குடும்பத்தைச் சேர்த்ததா, பிரித்ததா?

முதலில் சேர்த்தது, பேச்சைக் குறைத்துக்கொண்டு. 1950-இல் பத்து வீட்டுக்கு ஒன்றில்கூட அது இல்லை. 1960-இல் ஏறக்குறைய ஒன்பதில் இருந்தது. சாப்பாடும் அதன் முன்னால் நகர்ந்தது. ஸ்வான்சன் நிறுவனம் ‘டிவி டின்னர்’ என்று விற்ற, உறையவைத்த ஆயத்தச் சாப்பாட்டின் அலுமினியத் தட்டில் மூன்று அறைகள்: ஒன்றில் வான்கோழி இறைச்சி, ஒன்றில் பட்டாணி, ஒன்றில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. விலை 98 சென்ட். 425 டிகிரி பாரன்ஹீட் அடுப்பில் 25 நிமிடம் வைத்தால் போதும். அப்படியே மடியில் வைத்துச் சாப்பிடலாம். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

பிரித்தது என்றால் டிரான்சிஸ்டர் ரேடியோவைத்தான் சொல்வேன். 1954-இல் 49.95 டாலருக்கு வந்த ரீஜென்சி, சட்டைப் பையில் அடங்கும் அளவு. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டால் மகன் எந்தப் பாட்டைக் கேட்கிறான் என்று அப்பாவுக்குத் தெரியாது.

கே: எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் எது?

மின்சாரத்தில் ஓடாத ஒன்று: போலியோ தடுப்பூசி. 1952-இல் மட்டும் சுமார் 58,000 பேரை அந்த நோய் தாக்கியது. கோடை வந்தால் நீச்சல் குளத்துக்கும் திரையரங்குக்கும் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். ஜோனாஸ் சால்க்கின் ஊசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தபோது தேவாலய மணிகளை அடித்துக் கொண்டாடினார்கள்.

கே: மைக்ரோவேவ் அடுப்பும் அந்தக் காலத்ததுதானே?

பெயருக்கு. 1955-இல் டாப்பன் நிறுவனம் விற்ற வீட்டு அடுப்பின் விலை 1,295 டாலர், யார் வாங்குவார்கள்? 1967-இல் அமானா 495 டாலருக்கு மேசைமேல் வைக்கும் அளவில் கொண்டுவந்த பிறகுதான் அது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தது.