‘அனாக்’: கார்லாவின் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸ் படமான ‘அனாக்’ எனக்கு மிகவும் பிடித்த குடும்பப் படம். அண்மையில் அதை மறுபடியும் பார்த்தேன். ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்து பணம் அனுப்பிய ஜோசி ஊர் திரும்பியதும் மூத்த மகள் கார்லா அவளை நடத்துகிற விதம் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்குகிறது. பெற்றவர்களின் அருமை பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே என் பதினான்கு வயது மகனுக்கு இதைக் காட்ட எண்ணுகிறேன். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ரோரி பி. கின்டோஸ் இயக்கி 2000இல் வெளிவந்த அந்தப் படம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கார்லாவை நன்றிகெட்ட பெண் என்று ஒதுக்கிவிட்டால் படத்தில் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடும். தந்தை இறந்தபோது தாய் வரவில்லை. தம்பி தங்கையோடு அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமந்தவள் அவள். வேலை கொடுத்தவர்கள் ஊருக்கு அனுப்ப மறுத்துத் தாயை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய செய்தி அவளுக்குத் தெரியாது. மாதாமாதம் பணம் வந்தது, பெட்டி பெட்டியாகப் பரிசுகள் வந்தன, தாய் மட்டும் வரவில்லை என்பதுதான் அவள் அறிந்த கணக்கு. அந்த வயதுப் பெண் அதை வைத்து வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்?

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பிலிப்பைன்ஸ் அரசு 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியாகவே மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை முறைப்படுத்தியது. 1988இல் ஹாங்காங்கில் பணிப்பெண்களிடையே பேசிய அதிபர் கொராசோன் அக்கினோ, அவர்களை நாட்டின் நாயகர்கள் என்று புகழ்ந்தார். புகழ்ச்சி புகழ்ச்சியாகவே இருக்க, அந்த நாயகர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் வங்கிக் கட்டடங்களின் அடியிலும் நடைபாதைகளிலும் அட்டைகளை விரித்து அமர்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து உண்டு, சோப்பும் சாக்லேட்டும் டின் இறைச்சியும் அடைத்த பெட்டிகளை ஊருக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அந்தக் காட்சியைக் காணலாம். பிள்ளையின் சட்டை அளவைக்கூட ஊருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒரு தாய் அந்தப் பெட்டியில் எதை வைப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் தாயும் மகளும் மோதும் அந்தப் புகழ்பெற்ற காட்சியின் கனம் புரியும். நீ குடிக்கும்போதும் புகைக்கும்போதும் நான் எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்து பணம் அனுப்பினேன் என்று நினைத்துப் பார், மெத்தையில் படுக்கும்போது பிள்ளைகளின் அணைப்புக்கு ஏங்கி எத்தனை ஆண்டுகள் தனியாகத் தூங்கினேன் என்று நினைத்துப் பார் என்கிறாள் ஜோசி. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். என்னை உலுக்கியது, தாயாக மதிக்க முடியாவிட்டால் ஒரு மனுஷியாகவாவது மதி என்று அவள் கேட்பது. தாய் என்ற உரிமையை வற்புறுத்தாமல், அதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைக் கேட்கிறாள். மகளால் கொடுக்க முடிவதும் முதலில் அதுதான். வில்மா சாந்தோஸ் அந்த வரிகளைப் பேசும்போது, லிபா நகர மேயராக இருந்துகொண்டே நடித்தவர் இவர் என்பதை நம்பவே முடிவதில்லை. கார்லாவாக வரும் கிளாடின் பாரெட்டோவின் முகத்தையும் அந்த வேளையில் கவனியுங்கள்.

இருவரும் சேர்ந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாகவும் படம் காட்டவில்லை. தோழிகளோடு தொடங்கிய தொழில் கைகொடுக்காமல், சேமிப்பும் கரைந்து, ஜோசி மறுபடியும் ஹாங்காங்குக்கே புறப்படுகிறாள். பிள்ளைகளின் மனம் மாறியது. வீட்டின் வரவுசெலவு மாறவில்லை. இத்தகைய படங்கள் பலவும் கண்ணீரோடு கதவைச் சாத்திவிடும் இடத்தில், இந்தப் படம் நேர்மையாக நடந்துகொள்கிறது.

மகனுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் பாடம் புகட்டுவதற்காக என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதைவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். கருக்கலைப்பு, போதை போன்றவை கதையில் வருகின்றன. அவன் கேள்வி கேட்பான், பதிலுக்குத் தயாராக இருங்கள். முடிந்தால் உங்கள் கணவரையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.