கொடைக்கானல் இ-பாஸுக்கு 500 ரூபாயா?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார். வயது 54. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகனோடு மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாள் ட்ரெக்கிங் போகவும் ஆசை, முழங்காலில்தான் லேசான வலி. இன்ஸ்டாகிராமில் பிடித்த ஏஜென்ட் ஒருவர் தலைக்கு 4,500, இ-பாஸுக்குத் தனியாக 500, "வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு ட்ரெக்கிங் பெர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்கிறாராம். அட்வான்ஸ் கட்டலாமா?

கட்டாதீர்கள். இ-பாஸ் என்பது மலைக்கு வண்டியில் ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, அது இலவசம். 2024 மே 7-ஆம் தேதி முதல், உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அரசுத் தளத்தில் மொபைல் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் முடிந்தது, உங்கள் மகன் பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவான். இதற்கு 500 ரூபாய் கேட்பவர் மற்றதற்கு எவ்வளவு ஏற்றியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போன சீசனில் சோதனைச்சாவடியில் ஒரு டெம்போ வேன் நின்றதைப் பார்த்தேன். கையில் ஏஜென்ட் தந்த பிரிண்ட் அவுட், அதில் வேறு ஏதோ வண்டியின் எண். பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்க, பதினாலு பேரும் இறங்கி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏஜென்டின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

2025 கோடையில் நீதிமன்றம் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தது. அதனால் சனி ஞாயிறை விட்டு செவ்வாய், புதன் பாருங்கள், அறை வாடகையும் இறங்கும்.

ஒரு விலக்கு இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஏனென்றால் அதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸே வேண்டாம். அரசு பஸ் என்றால் அரசு பஸ்தான். நாலு குடும்பம் சேர்ந்து பிடிக்கும் வேன் பஸ் இல்லை, சொந்தக் காரில் வத்தலக்குண்டு வரை வந்து 'மீதி கொஞ்ச தூரம்தானே' என்று காரிலேயே மலை ஏறுவதும் பஸ் இல்லை. மதுரைக்காரருக்கு ஆரப்பாளையத்தில் நேராகக் கொடைக்கானல் வண்டியே இருக்கிறது, காலையில் ஏறினால் மதியச் சாப்பாடு மேலேதான். ரயிலில் வர நினைப்பவர்களுக்கும் ஒன்று: கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கொடைக்கானல் வந்துவிடாது, இன்னும் 80 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். வெளியே நிற்கும் டாக்ஸிக்காரர்களுக்கு அந்தப் பெயரால்தான் பிழைப்பு.

சரி, ட்ரெக்கிங். 2018 மார்ச் 11 அன்று தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது, 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு ஆன்லைன் பதிவும் திறந்தது. உள்ளூர் வழிகாட்டி உங்களோடு வருவார், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். "பாத்துக்கறோம்" என்ற வாய்ச்சொல் அனுமதி ஆகாது. உங்கள் பெயர் போட்ட பதிவை அனுப்பச் சொல்லுங்கள், வராது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான். தீ அபாயம் இருக்கும் நாட்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் தளத்தில் பாருங்கள். இ-பாஸுக்கு ஒரு தளம், ட்ரெக்கிங்குக்கு இன்னொன்று, பேரிஜம் ஏரிக்கு வனத்துறையிடம் தனி அனுமதி. ஒரே மலைக்கு இத்தனை வாசல் வைத்தால் ஏஜென்ட் முளைக்காமல் என்ன செய்வான்?

உங்கள் முழங்காலுக்கு வெள்ளகவி வேண்டாம். வட்டக்கானலிலிருந்து ஒரேயடியாக இறக்கம், வலிக்கும் மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன், அப்புறம் அதே வழியில் ஏறியும் வர வேண்டும், இல்லையென்றால் அடிவாரத்துக் கும்பக்கரை அருவி வரை இறங்கியே தீர வேண்டும். டால்பின் நோஸ் பாறையையும் 'பக்கம்தான்' என்பார்கள். போகும்போது மர வேர்களே படியாகி ஜாலியாக இறக்கிவிடும், திரும்பும்போது ஒவ்வொரு வேரிலும் நின்று மூச்சு வாங்குவீர்கள். மகனை அனுப்புங்கள், நீங்கள் இருவரும் மேலே பிரட் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டு உட்காருங்கள். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதளம், காலை ஆறரைக்கே, சைக்கிளும் குதிரையும் கூட்டமாக வரும் முன் நடந்தால் உங்களுக்கு அதுவே ட்ரெக்கிங்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மேலே தடை. அறையை ஹோட்டலுக்கே போன் செய்து போடுங்கள், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிட்டு.