பாட்டன் பெயரும் மாமன் பெயரும்

அன்புள்ள ஐயா,

பிராக் நகரின் கார்ல் பாலம் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையை வாசித்தேன். அதைக் கட்டத் தொடங்கிய நான்காம் கார்லைச் செக் மக்கள் ‘நாட்டின் தந்தை’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அப்பா லக்சம்பர்க்காரர், பையன் வளர்ந்தது பிரான்ஸில். பிறகு எப்படி அவர் செக் மன்னர்? ‘நான்காம்’ என்றால் முதல் மூவர் எங்கே?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்வி எளிது. செக் மன்னர் வரிசையில் அவர்தான் முதல் கார்ல். ‘நான்காம்’ என்பது சார்லமேனில் (அவரும் ஒரு கார்ல்தான்) தொடங்கும் புனித ரோமானியப் பேரரசர் வரிசையின் கணக்கு. 1355இல் ரோமில் அந்த முடியைச் சூடினார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அப்பாவோடு நின்றுவிட்டீர்கள். அம்மா எலிஷ்கா, செக் நாடான பொஹீமியாவை நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ப்ரெமிஸ்ல் குலத்துப் பெண். அவருடைய தாத்தா இரண்டாம் ஓட்டகார், 1278 ஆகஸ்ட் 26 அன்று ஹாப்ஸ்பர்க் குலத்து ருடால்ஃபுடன் மோதிக் களத்தில் விழுந்தவர். அண்ணன் மூன்றாம் வாட்ஸ்லாவ் 1306இல் ஓலொமோட்ஸ் நகரில் குத்திக் கொல்லப்பட்டார். வயது பதினாறு. கொன்றது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. ஆண் வாரிசு அற்றுப்போனது. 1310இல் எலிஷ்காவை லக்சம்பர்க் யானுக்கு மணமுடித்தார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு, மாப்பிள்ளைக்குப் பதினான்கு! அரியணை அந்தக் கல்யாணத்தோடு வந்த சீர்.

1316இல் பிறந்த மூத்த மகனுக்கு வாட்ஸ்லாவ் என்று பெயரிட்டார்கள். அம்மாவைப் பெற்றவரின் பெயர். பேரன் என்றாலே பெயரன்தானே. ஆனால் மனைவி தன்னைக் கவிழ்த்துவிட்டு மகனை அரசனாக்கிவிடுவாள் என்று யானுக்குப் பயம். பச்சைக் குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கி லோகெட் கோட்டையில் அடைத்தார். ஏழு வயதில் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பினார். அங்கே மன்னராக இருந்தவர் பையனின் அத்தை கணவர் சார்லஸ். கார்ல் என்பதும் அதே பெயர்தான். பாட்டன் பெயர் போய் மாமன் பெயர் வந்தது இப்படித்தான்.

1333இல் ஊர் திரும்பியதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே லத்தீனில் எழுதியிருக்கிறார். அப்பா இல்லை, அம்மா இல்லை, உடன்பிறந்தவர்கள் இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அம்மா இறந்து மூன்று ஆண்டுகளாகியிருந்தன. செக் மொழி அடியோடு மறந்துபோயிருந்தது, மீண்டும் கற்றுக்கொண்டார். அரண்மனை இடிந்து கிடந்ததால் ஊருக்குள் சாதாரணக் குடிமகனைப் போல வீடெடுத்துத் தங்கினார். பேரரசர்கள் இப்படியெல்லாம் எழுதுவது அபூர்வம்.

1346இல், பார்வை இழந்திருந்த யான் க்ரெஸி போர்க்களத்தில் மாண்டார். அதுவும் ஓட்டகார் விழுந்த அதே ஆகஸ்ட் 26. மறு ஆண்டு கார்ல் பொஹீமியாவின் முடியைச் சூடினார். முடிசூட்டுச் சடங்கைத் தானே எழுதி வகுத்தார். அதன்படி முந்தின நாள் அரசர் விஷெஹ்ராத் குன்றுக்குப் போக வேண்டும். குலமுதல்வன் ப்ரெமிஸ்ல் ஏர் உழுதவன் என்பது ஐதீகம். அந்த உழவனின் மரநார்ச் செருப்பையும் தோள்பையையும் அங்கே வைத்திருந்தார்கள். லக்சம்பர்க் யானின் மகன் கும்பிடப் போனது அந்தச் செருப்பை. உங்கள் கேள்விக்கு அவர் சொன்ன விடை அதுதான் என்று நினைக்கிறேன்.

தந்தைவழியும் நெடுநாள் ஓடவில்லை. கார்லின் மகன் சிகிஸ்முண்ட் 1437இல் இறந்தபோது இருந்தது ஒரே மகள், எலிசபெத். எலிஷ்கா என்பது அதே பெயரின் செக் வடிவம். இம்முறையும் அரியணை மருமகனுக்குப் போனது. மருமகன் ஆல்பெர்ட், ஓட்டகாரை வீழ்த்திய ருடால்ஃபின் வம்சம்.