ஹார்ன் தாள் தொலைந்ததா, அச்சடிக்கவே இல்லையா?

கேள்வி: மகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளியின் பேண்டு அலமாரியை ஒழுங்குபடுத்தித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் பழைய மார்ச் (அணிநடை இசை) செட் ஒன்றில், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் உள்ள கட்டில், எஃப் ஹார்ன் (எஃப் சுருதியில் அமைந்த பித்தளை ஊதுவாத்தியம்) தாள் எதுவுமே இல்லை. 1990-களில் வாங்கிய வேறொரு செட்டில் மூன்றாம் கிளாரினெட் தாள்கள் மொத்தமாகக் காணோம். மூன்று வாரத்தில் நிகழ்ச்சி. எங்கே தேடுவது?

பதில்: ஹார்ன் தாளைத் தேடாதீர்கள். சூசா காலத்து மார்ச் செட்டுகளில் ஹார்னுக்குப் பெரும்பாலும் ஈ பிளாட் சுருதிக்கான தாள்தான் அடித்தார்கள்; சிலவற்றில் 'ஆல்டோ' என்று போட்டிருக்கும். எஃப் ஹார்ன் தாள் அந்த உறைக்குள் அநேகமாக எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. ஒன்றாம் ஹார்னும் இரண்டாம் ஹார்னும் ஒரே தாளில், மூன்றும் நான்கும் இன்னொன்றில் இருப்பதும் சகஜம். நான்கு தேடி இரண்டு கிடைத்தால் அது முழுக் கணக்குதான்.

ஈ பிளாட் தாளை எஃப் ஹார்னில் வாசிக்க, எல்லா நோட்டையும் ஒரு முழுப்படி இறக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் செய்ய மாட்டார்கள். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. 1880 முதல் 1892 வரை சூசாவே நடத்திய அமெரிக்க மரைன் பேண்டு, அவருடைய மார்ச்சுகளை முழு ஸ்கோரும் (எல்லா வாத்தியமும் சேர்ந்த தாள்) பார்ட்டுகளுமாகத் (ஒவ்வொரு வாத்தியத்தின் தனித் தாள்) தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, எஃப் ஹார்ன் உட்பட. ஆனால் ஹார்ன் தாளை மட்டும் எடுத்துப் பழைய செட்டோடு சேர்க்காதீர்கள். பழைய தாள் உரக்க வாசிக்கச் சொல்லும் இடத்தில் புதுப் பதிப்பு சில வாத்தியங்களை நிறுத்தியே வைத்திருக்கும். செட் முழுவதையும் புதிதாக அச்செடுங்கள்.

இதே இலவசக் கோப்புகளை 'அரிய செட்' என்று விலை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டே பார்ட் எழுதித் தருகிறேன் என்பவர்கள் இன்னொரு ரகம். மூன்றாம் கிளாரினெட் நடுக்குரல். ஒலிப்பதிவில் அதைப் பிரித்துக் கேட்கவே முடியாது. காசு வாங்கிக்கொண்டு யூகத்தைத் தருவார்கள்.

இனி அந்தக் கிளாரினெட். முதலில் பாஸ் கிளாரினெட், ஆல்டோ சாக்ஸ் கட்டுகளுக்குள் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் செருகியிருக்கும். இல்லையென்றால் இரண்டாம் கிளாரினெட் தாளின் அடியில் உள்ள பதிப்பகப் பெயர், ஆண்டு, எண், கூடவே மேலே உள்ள அரேஞ்சர் (இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர்) பெயர் இவற்றைக் குறித்துக்கொண்டு, இசைத்தாள் விற்பனையாளரிடம் அந்த ஒரு பார்ட்டை மட்டும் கேளுங்கள். தாளில் உள்ள பதிப்பகம் இன்று அந்தப் பெயரில் இருக்காமலே போகலாம்: பெல்வின் என்ற பதிப்பகம் வார்னர் நிறுவனத்தின் கைக்குப் போனது, வார்னரின் இசைத்தாள் பிரிவு 2005-ல் ஆல்ஃபிரட் என்ற பதிப்பகத்தின் கைக்கு வந்தது. அதனால்தான் எண் முக்கியம். அச்சிலேயே இல்லை என்றால் நகலெடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி கேட்க வேண்டும். ஒற்றைத் தாளுக்காக முழு செட்டையும் வாங்கச் சொல்லும் பதிப்பகமும், சில டாலர் தாளுக்கு மூன்று கையெழுத்து கேட்கும் பள்ளி அலுவலகமும் சேர்ந்துதான் இந்த மூன்று வாரத்தைத் தின்னும். ஆகவே ஆர்டரை இன்றே போடுங்கள்.

அனுமதி கேட்காமல் நகலெடுக்க ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளுக்காக 1976-ல் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிகாட்டு நெறிகள், காசு கொடுத்து வாங்கிய தாள் நிகழ்ச்சி நெருங்கும் நேரத்தில் கைக்குக் கிடைக்காமல் போனால் அவசரத்துக்கு நகலெடுக்க இடம் தருகின்றன. பின்னால் அசலை வாங்கி வைத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பக்கத்துப் பள்ளியில் அதே பதிப்பு இருந்தால் நகலெடுக்க நீங்கள் கேட்கலாம், ஏனென்றால் உங்களிடம் இருந்தது தொலைந்துவிட்டது. செட்டில் வந்தது நான்கு தாள், இந்த ஆண்டு கிளாரினெட் பிள்ளைகள் ஏழு பேர் என்றால் அது தொலைந்த கணக்கு அல்ல; வாங்காத மூன்று தாளுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆர்டரே போடாமல் நகலெடுத்து அதையே அலமாரியில் நிரந்தரமாக வைப்பதும் பொருந்தாது. அசல் வந்த அன்றே நகலைக் கிழித்துவிட்டு, ரசீதை அந்த உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.