பால் ரோப்சன்: கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் இசைத்தட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன் என்று தெரிந்ததும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

கேள்வி: அவர் பாடகர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். விளையாட்டு வீரரும்கூடவா?

முதலில் வீரர்தான், பாட்டெல்லாம் பிறகு. 1898இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பியோடி, பின்னாளில் பாதிரியாரானவர். உதவித்தொகை பெற்று 1915இல் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே ரோப்சனைத் தவிர வேறு கறுப்பின மாணவர் இல்லை. அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம் கேட்டு மைதானத்தில் இறங்கியவரின் மூக்கை உடைத்தவர்கள், சக மாணவர்களே. தோளும் பிசகியது. காயம் ஆறியதும் மறுபடி போய் நின்றார். 1917, 1918 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். படிப்பிலும் முன்வரிசைதான், 1919 பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசியவர் அவரே.

கேள்வி: சட்டம் படித்தவர் ஏன் வழக்காடப் போகவில்லை?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே தொழில்முறைக் கால்பந்தும் ஆடி, 1923இல் பட்டம் வாங்கினார். வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்று வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தர் மறுத்துவிட்டார். ரோப்சன் வேலையை விட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுருக்கெழுத்தருக்கு நாம் ஒரு வகையில் நன்றி சொல்லலாம்!

கேள்வி: இருபது மொழிகள் தெரியும் என்கிறார்களே, மிகையா?

எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மொழியில் பத்துப் பாட்டு பாடுவது வேறு, அதில் சண்டை போடுவது வேறு. ஆனால் மொழிப் படிப்பு அவருக்கு மேடை அலங்காரமாக இருக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்த 1930களில், லண்டனின் கீழைத்தேயவியல் கல்லூரிக்குப் போய் மாணவராக உட்கார்ந்து சுவாஹிலியும் ஒலியியலும் படித்தார். ரஷ்ய மொழியில் சரளமாகப் பேசினார், சீனமும் கற்றார்.

இந்தப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அடிமைகளாயிருந்த தம் முன்னோர் பாடிய பக்திப் பாடல்களிலும், ஆப்பிரிக்க, ஸ்காட்லாந்து, சீன நாட்டுப்பாடல்களிலும் ஐந்து சுர அமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். நம் காதுக்குச் சொன்னால், மோகனத்தின் சுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பாட்டுகளுக்கெல்லாம் அடியில் ஒரே ஊற்று இருக்கிறது என்று நம்பி, 1958இல் வெளிவந்த தம் நூலின் பின்னிணைப்பில்கூட இதைப் பற்றி எழுதினார். உலகத்து இசையை எல்லாம் ஐந்து சுரத்தில் கட்டிவிட முடியாது. அவருடைய ஆர்வம் சான்றுகளை முந்திக்கொண்டு ஓடியது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் ஒரே மேடையில் ஆறேழு மொழிப் பாடல்களை அடுக்கியதற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

கேள்வி: ஒதெல்லோவாக நடித்தாரா?

லண்டனில் 1930இல், பிறகு 1943இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில், 296 காட்சிகள். ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அங்கே அவ்வளவு நாள் தொடர்ந்து ஓடியதில்லை.

கேள்வி: இவ்வளவு பெரியவரை அமெரிக்கா எப்படி மறந்தது?

மறக்கவில்லை ஐயா, மறைத்தது. இன ஒதுக்கலை எதிர்த்தும் சோவியத்தை ஆதரித்தும் பேசியதால் 1950இல் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். அரங்குகள் கதவடைத்தன. 1917, 1918 வீரர் பட்டியல்களிலிருந்துகூடப் பெயரை நீக்கினார்கள். ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என்று ஆக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவரோ 1952இல் கனடா எல்லைக்கோட்டின் ஓரம் லாரி மேல் ஏறி நின்று அந்தப் பக்கத்து மக்களுக்கும் பாடினார். 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே லண்டனுக்கும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் பாடினார். கடவுச்சீட்டு 1958இல் திரும்பி வந்தது. கல்லூரிக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் 1995இல்தான் சேர்த்தார்கள். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: ஸ்டாலினைப் புகழ்ந்தவர்தானே?

ஆம். 1949இல் மாஸ்கோவில் யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரைச் சந்தித்து, அவர் ஆபத்தில் இருப்பதை அறிந்தார். அங்கே மேடையில் வார்சா யூதர்களின் எதிர்ப்புப் பாடலை ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பாடினார். ஊர் திரும்பியதும் வாய் திறக்கவில்லை. ஸ்டாலின் ஆட்சியில் ஃபெஃபர் 1952இல் கொல்லப்பட்டார். சோவியத்தின் எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்க விரும்பவில்லை என்று ரோப்சனுக்காக வாதாடுவார்கள். எனக்கு அது போதவில்லை.

கேள்வி: இந்தியத் தொடர்பு ஏதேனும்?

கொலம்பியாவில் படித்த அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா அவரிடம் ஈர்க்கப்பட்டு, மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய ரோப்சனின் புகழ்பெற்ற 'ஓல் மேன் ரிவர்' பாட்டின் தாக்கத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். பிற்பாடு கங்கையைக் கேள்வி கேட்கும் பாட்டாக அது பல மொழிகளில் பரவியது.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அதே ஆற்றுப் பாட்டிலிருந்து. முதலில் 1936இல் வந்த 'ஷோ போட்' படத்தில் வருவது: வாழவும் சலித்தேன், சாகவும் அஞ்சுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். பிறகு அவருடைய பிற்காலக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுங்கள். அதே இடத்தில், சாகும்வரை போராடிக்கொண்டே இருப்பேன் என்று மாற்றிப் பாடியிருப்பார்.