மூலக்கூறின் படத்தை வைத்தே அதன் கொதிநிலையைக் கணக்கிட முடியுமா? கணிதம் படித்தவர்கள் இந்தத் துறையில் ஆய்வு செய்யலாமா?

முடியும். ஆனால் எந்த வகைப் பொருளுக்கு, எந்தப் பண்புக்கு என்று கேட்டுக்கொண்டுதான் அந்த 'முடியும்' என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். இது எனக்குப் புரிய ஆய்வில் சேர்ந்து நான்கு வருடம் ஆனது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

நீங்கள் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 'கிராஃப் தியரியில் டோப்பாலஜிக்கல் இன்டெக்ஸ் எடுத்துக்கோ, பேப்பர் சீக்கிரம் வரும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வேதியியலை நான் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கார்பன் அணு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, பிணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கோடு. ஹைட்ரஜனை வரைய வேண்டாம். இந்தப் படம்தான் கிராஃப், தமிழில் கோட்டுரு. இதிலிருந்து டோப்பாலஜிக்கல் இன்டெக்ஸ் என்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் கூடக் குறைய அந்தப் பொருளின் பண்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. 1947ல் ஹெரால்ட் வீனர் எல்லாப் புள்ளி ஜோடிகளுக்கும் இடையிலான தூரங்களை (இடையில் எத்தனை கோடு என்பதுதான் தூரம்) கூட்டி ஒரு எண் கண்டார். 1971ல் ஹோசோயா, 1972ல் ஸாக்ரெப் நகரத்தின் பெயரிலேயே வழங்கும் எண்கள், 1975ல் ராண்டிச். அதற்குப் பிறகு வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நான் செய்தது நானோகுழாய்களுக்கும் டென்ட்ரைமர்களுக்கும் (கிளை கிளையாகப் பிரிந்துபோகும் பெரிய மூலக்கூறுகள்) இந்த எண்களைக் கணக்கிடுவது. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் எத்தனை கோடுகள் சேர்கின்றன என்று பார்த்து (2,2), (2,3), (3,3) எனப் பிரித்து, அட்டவணை போட்டு, சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். ஒரே அட்டவணையிலிருந்து ஐந்தாறு இன்டெக்ஸ் எடுக்கலாம். நான்கு பேப்பர் வந்திருந்தது. அவற்றில் கணக்குப் பிழை ஒன்றுகூடக் கிடையாது, அதை இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன்.

நான்காம் வருடம் ஆய்வுக் குழுக் கூட்டம். டி.சி. மீட்டிங் என்போமே, அதுதான். குழுவில் வெளியிலிருந்து வந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெறும் வயது. இருபது ஸ்லைடும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏம்மா, இந்த எண் கூடினால் அந்தப் பொருளுக்கு என்ன ஆகும்? சூடாகுமா, கரையுமா, உடையுமா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஸ்லைடின் முதல் வரியில் 'கொதிநிலை, நிலைப்புத்தன்மை முதலிய பண்புகளைக் கணிக்கப் பயன்படுகிறது' என்று நானே போட்டிருந்தேன். மற்ற பேப்பர்களின் முன்னுரையில் இருந்த வரி அது. கைடு குறுக்கிட்டு ஏதோ சொல்லிச் சமாளித்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது ஞாபகம் இருக்கிறது.

அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. டீ குடிக்கும்போது கூப்பிட்டு, அழைப்பிதழின் பின்பக்கத்தில் மூன்று படம் வரைந்தார். மூன்றிலும் ஐந்து கார்பன். நார்மல் பென்டேன், ஐசோபென்டேன், நியோபென்டேன். முதல் படத்தின் கீழே மட்டும் அதன் கொதிநிலையை 36.1 என்று எழுதி, பக்கத்தில் வீனரின் சூத்திரத்தையும் எழுதினார். "மற்ற ரெண்டையும் நீயே போட்டுப் பாரு. அப்புறம் டேபிளைப் பாரு."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துப் போட்டேன். நியோபென்டேனில் நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு. நடுவுக்கும் ஓரத்துக்கும் தூரம் 1, அப்படி நான்கு ஜோடி. ஓரத்துக்கும் ஓரத்துக்கும் தூரம் 2, அப்படி ஆறு ஜோடி. மொத்தம் 16. நேர்ச்சங்கிலிக்கு 20. வித்தியாசம் 4. சரியாக மூன்று பிணைப்பு தள்ளி இருக்கும் ஜோடிகள் நேர்ச்சங்கிலியில் இரண்டு, இதில் ஒன்றும் இல்லை, வித்தியாசம் 2. சூத்திரப்படி 98ஐக் கார்பன் எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்து முதல் வித்தியாசத்தால் பெருக்க வேண்டும்: 98/25 × 4 = 15.7. இரண்டாவது வித்தியாசத்தை 5.5ஆல் பெருக்க வேண்டும்: 11. கூட்டினால் 26.7. நேர்ச்சங்கிலியைவிட இத்தனை டிகிரி கீழே கொதிக்கும் என்று பொருள். 36.1ல் கழித்தேன். 9.4.

போனில் தேடினேன். அளந்த கொதிநிலை 9.5 டிகிரி செல்சியஸ்.

ஐசோபென்டேனுக்கு 28.3 வந்தது, அளந்தது 27.8. நான்கு வருடம் இந்த எண்களோடேயே இருந்தவளுக்கு அன்றுதான் அவை ஒரு பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்று தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

ஏன் அப்படி வருகிறது என்று எங்கள் கல்லூரி வேதியியல் துறை அக்கா ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். நீளமான மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை நெடுக ஒட்டிக்கொண்டு படுக்கும், வான்டர்வால்ஸ் விசை (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) அதிகம், பிரித்து ஆவியாக்க அதிகச் சூடு வேண்டும். கிளை விட்டு உருண்டையாகிவிட்டால் தொடும் பரப்பு குறையும். வீனர் எண் அளப்பது, மூலக்கூறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதைத்தான்.

அதே அக்கா அடுத்த கேள்வியையும் போட்டார்: "உருகுநிலையைப் பாரு." நேர்ச்சங்கிலி பென்டேன் மைனஸ் 129.7ல் உருகுகிறது. நியோபென்டேன் மைனஸ் 16.5ல். முழுக்கத் தலைகீழ்! படிகத்தில் அடுக்கும்போது சமச்சீரான உருண்டை அழகாக உட்கார்ந்துகொள்கிறது, அந்த விஷயம் தூரங்களின் கூட்டுத்தொகைக்குள் இல்லை. எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் இன்னொரு உதாரணம். ஹைட்ரஜனை விட்டு, அணு வித்தியாசம் பார்க்காமல் வரைந்தால் இரண்டுமே மூன்று புள்ளி, இரண்டு கோடு, வீனர் எண் 4. ஒன்று 78 டிகிரியில் கொதிக்கிறது, மற்றது மைனஸ் 24ல். எத்தனாலில் ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது, படத்துக்கு அது தெரியாது.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 98ம் 5.5ம் அளந்த கொதிநிலைகளோடு பொருத்தி எடுத்த மாறிலிகள்தானே என்று வேதியியல்காரர்கள் கேட்பார்கள். ஆமாம். ஆனால் நான்கு கார்பனுக்கும் எட்டு கார்பனுக்கும் அதே இரண்டு மாறிலிகள். குவாண்டம் கணக்கீடு இருக்கும்போது இது எதற்கு என்றால், 20 கார்பன் ஆல்கேனுக்கு (பென்டேன் மாதிரி, ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள கார்பன்-ஹைட்ரஜன் சேர்மம்) மட்டும் 3,66,319 மாற்றியங்கள், அதாவது அதே அணுக்களை வேறு வேறு மாதிரி இணைத்த வடிவங்கள், எழுத முடியும். வேகமாக வடிகட்ட ஒரு எளிய எண் வேண்டாமா? ராண்டிச்சின் எண்ணைக் கியர், ஹால் என்ற வேதியியலாளர்கள் மருந்து மூலக்கூறுகள் வரை கொண்டுபோனதும் இதற்காகத்தான்.

கணிதக்காரர்களிடம்: இதைத் தூய கணிதமாகச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. மரக் கோட்டுருக்களில் (வளையம் இல்லாத படங்களில்) வீனர் எண் நேர்ப்பாதைக்கு மிக அதிகம், நட்சத்திரத்துக்கு மிகக் குறைவு என்ற தேற்றம் எனக்கு இன்றும் பிடிக்கும். தலைப்பில் மருந்தின் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே ஒரு அளவீடுகூட இல்லாமல் முடிப்பதைத்தான் சொல்கிறேன். நானே நான்கு முறை செய்திருக்கிறேன். வீனருக்கு முதலில் கொதிநிலை இருந்தது, அப்புறம்தான் எண். ஸாக்ரெப் எண்கள் பை எலக்ட்ரான் (இரட்டைப் பிணைப்புகளில் இருக்கும் எலக்ட்ரான்) ஆற்றலைக் கணக்கிடப் போய்க் கிடைத்தவை. நாங்கள் எண்ணில் ஆரம்பித்து எண்ணிலேயே முடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, அளந்த தரவோடு ஒப்பிட்டுப் புதிதாக எழுதினேன். எந்த எண் எந்தப் பண்புக்குப் பொருந்தவில்லை என்பதற்கே ஒன்பது பக்கம். கைடுக்கு வருத்தம். எட்டு மாதம் தள்ளிப்போனது.

அந்த எட்டு மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் அப்போது வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரியில் சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு இடத்தில் நேர்காணல் வந்தது. சான்றிதழைக் கேட்டால், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு அல்லது கல்வியாண்டு முடியட்டும் என்றார்கள். நேர்காணலுக்கு ஜெராக்ஸோடு போய், கதவுக்கு வெளியிலிருந்தே திரும்பி வந்தேன். என் பெயரில் பல்கலைக்கழகம் கொடுத்த காகிதத்தைப் பூட்டி வைக்க இவர்கள் யார்? இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் பகுதிநேரமாகச் சேர்வதாக இருந்தால் யாரிடமும் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தாராளமாகச் செய்யலாம். சேரும் முன் கைடிடம் 'எந்தப் பண்பு, அளந்த தரவு எங்கே இருக்கிறது' என்று மட்டும் கேளுங்கள். வேதியியல் துறையில் கேள்வி கேட்கக் கூச்சப்படாத அளவுக்கு ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் எட்டு கார்பன் உள்ள ஆக்டேனைப் போட்டுப் பாருங்கள். 18 மாற்றியங்கள், ஒரு பக்கத்தில் வரைந்துவிடலாம். நேர்ச்சங்கிலிக்கு வீனர் எண் 84, கொதிநிலை 125.7. 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேனுக்கு வீனர் எண் 58. அதில் மூன்று பிணைப்பு தள்ளிய ஜோடிகள் 5லிருந்து 9 ஆகக் கூடும், அதனால் 5.5ஆல் பெருக்கும் பகுதி மைனஸில் வரும். தப்புப் போட்டுவிட்டோமோ என்று அழித்துவிடாதீர்கள். விடை 108க்குப் பக்கத்தில் வரும், அளந்தது 106.5.