ஆளி விதைப் பொடியில் சாய வாடை

கேள்வி: எனக்கு 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இனிப்பு நீருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுத்து வருகிறேன். மகள் ஒரு கிலோ ஆளி விதை வாங்கித் தந்தாள். தினமும் இரண்டு கரண்டி விழுங்கினேன். அப்படியே முழுதாக வெளியேறியது. மீதியை மொத்தமாக அரைத்துப் போத்தலில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இப்போது சாய வாடை அடிக்கிறது. சாப்பிடலாமா? இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்த முடியுமா?
– வாசகி, பகாவ்

பதில்: அம்மா, அந்தப் போத்தலில் இருப்பதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நீங்கள் சாய வாடை என்று சொன்னது மிகச் சரியான கணிப்பு. ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிவிடும் தன்மையுடையது என்பதால்தான் அதை நெடுங்காலமாகச் சாயத்தில் கலக்கிறார்கள், மரச் சாமான்களுக்கும் பூசுகிறார்கள். விதை உடையாமல் இருக்கும்வரை அதன் ஓடு இந்த எண்ணெயைக் காக்கிறது. அரைத்த பிறகு, நம் ஊர் வெக்கையில், அதிலும் அடுப்பின் சூட்டில், அது விரைவில் சிக்கெடுத்துவிடும். சாயக் கடையில் விற்கும் ஆளி எண்ணெய் உண்பதற்கு உரியதன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெயைக் காக்கும் அதே ஓடுதான் உங்கள் முதல் முயற்சியை வீணாக்கியது. மென்று உடைக்காத ஆளி விதை பெரும்பாலும் செரிக்காமல் குடலைக் கடந்துவிடும். ஆகவே முழு விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் படாமல் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இலேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத மிக்சியில் அரைத்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சூடாக இருக்கும்போதே அரைத்தால் பொடி கட்டிபட்டுப் போகும். நல்ல பொடியில் கொட்டை வாசம் வரும். நாக்கில் கசப்போ காறலோ தட்டினால் அது கெட்டுவிட்டது.

ஒரு மேசைக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 7 கிராம் இருக்கும். அதில் சுமார் 2 கிராம் நார்ச்சத்தும், ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் தாவர வகை ஒமேகா-3 கொழுப்பும், 37 கலோரியும் உண்டு. நாளுக்கு ஒரு கரண்டி போதும். அரைக் கரண்டியில் தொடங்கினால் வயிறு உப்பாது. தோசை மாவிலோ, கஞ்சியிலோ, இட்லிப் பொடியிலோ கலந்துகொள்ளலாம். இது தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாக ஊதுவதால், சாப்பிட்டதும் ஒரு பெரிய குவளைத் தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கலுக்கு மருந்தாக வேண்டியதே மலச்சிக்கலைத் தரும்.

மாத்திரையை நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள்; நிறுத்தவே கூடாது. கெட்ட கொழுப்பையும் இரத்தச் சர்க்கரையையும் ஆளி விதை ஓரளவு குறைக்கக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது மாத்திரையின் வேலையைச் செய்யும் அளவுக்கு அன்று. இதன் கொழகொழப்பு மருந்து உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

மகளின் அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விதையிலுள்ள ஒமேகா-3, மீனில் கிடைக்கும் வகையாக நம் உடலில் மாறுவது மிகக் கொஞ்சமே. நீங்கள் மீன் சாப்பிடுபவரானால், சந்தையில் கிடைக்கும் கெம்போங் மீனை வாரம் இரண்டு முறை, பொரிக்காமல், புளி போட்டுக் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். ஆளிப் பொடி நார்ச்சத்துக்காகத் தோசையில் இருந்துவிட்டுப் போகட்டும்.